நடுவரின் முஷ்டி சொல்வது என்ன?

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போன மாணவி ஒருத்தி. கெட்டிக்காரி. ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூன்றாம் படிவத்தில் அவளைப் பள்ளியின் கூடைப்பந்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான். அவளுடைய முதல் போட்டியைப் பார்ப்பதற்காகத் தகப்பனார் செம்பனை ஆலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்தார். “சார், நீங்களும் வாங்க. நீங்க படிக்க வச்ச பிள்ளைதானே” என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். விசில் சத்தம் கேட்டது. நடுவர் மேசைப் பக்கம் ஓடிவந்து நின்றார். நம் பிள்ளையைப் பார்த்துவிட்டு, வலக்கையை முஷ்டியாக மடக்கி உயர்த்திக் காட்டினார். பிறகு தன் மணிக்கட்டில் ஓர் அடி அடித்துக்கொண்டார்.

“என்ன சார் இது? பொம்பளப் பிள்ளைக்குக் குத்துக் காட்டுறான்!” என்றார் தகப்பனார். எனக்கும் விளங்கவில்லை. சும்மா இருந்தேன்.

அதே முஷ்டி இரண்டாவது முறையும் வந்தது, மூன்றாவது முறையும் வந்தது. நான்காம் முறை நடுவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “பாருங்க, என்ன திமிரா நிக்கிறான்!” என்று தகப்பனார் பல்லைக் கடித்தார். ஐந்தாம் முறை நடுவர் முஷ்டியால் உள்ளங்கையில் ஓங்கிக் குத்தினார். மேசையில் சிவப்பு எழுத்தில் 5 என்று ஓர் அட்டை உயர்ந்தது. பிள்ளை தலையைக் குனிந்தபடி வெளியே வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

தகப்பனார் எழுந்து நின்று சத்தம் போட்டார். “ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளைன்னா இப்படியா?” என்றார். திடல் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. வீடு திரும்பும் வழியில் அவர் பேசியது ஒரே ஒரு பேச்சுதான்: “பந்தாட்டம் போதும் சார். நம்ம பிள்ளை அவமானப்பட்டது போதும்.”

நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வியும் படித்தவன் நான். காற்பந்து, வலைப்பந்து, கபடி எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கூடைப்பந்து நடுவரின் கையைப் படிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

மறுவாரம் பட்டணத்துக்குப் போனபோது, நெடுங்காலம் நடுவராக இருந்த ஒரு சீன ஆசிரியரைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “உங்கள் மாணவியின் சட்டை எண் என்ன?” என்றார்.

“12.”

“அதுதான் விஷயம். வலக்கையில் மடக்கிய முஷ்டி என்றால் பத்து. இடக்கையில் இரண்டு விரல் என்றால் இரண்டு. பத்தும் இரண்டும் பன்னிரண்டு. நடுவர் குத்துக் காட்டவில்லை, எண்ணைக் காட்டினார்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நாளைக்கு ஒரு பிள்ளை கூடைப்பந்து ஆடப் போகலாம் அல்லவா?

கையால் பேசுவது ஏன்?

கூடைப்பந்தாட்டம் 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் மாட்டி, பதின்மூன்றே விதிகளை எழுதி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த முதல் விதிகளிலேயே தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, கால் இடறுவது, அடிப்பது எல்லாம் கூடாது என்று இருந்தது. பந்தைக் கவனிக்க ஒருவர், ஆட்டக்காரர்களைக் கவனித்து பவுல்களைக் குறித்துக்கொள்ள ஒருவர் என்று இரண்டு பேரையும் அவர் நியமித்தார்.

இன்றைய ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ளது. பந்து தரையில் மோதும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், பெற்றோரின் ஆரவாரம் எல்லாம் சேர்ந்தால் வாய்ச்சொல் மேசையை எட்டாது. அந்த மேசையில்தான் புள்ளிகளையும் பவுல்களையும் எழுதுகிறவரும், கடிகாரத்தைப் பார்க்கிறவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிந்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும். ஆகவே நடுவர் கையால் பேசுகிறார். 1932-இல் ஜெனிவாவில் அமைக்கப்பட்ட அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனம், அதாவது பீபா என்று சுருக்கிச் சொல்லப்படுவது, இந்தச் சைகைகளைப் படம் போட்டு விதிநூலிலேயே சேர்த்திருக்கிறது. அந்த விதிகளின்படி நடக்கும் ஆட்டங்களில் அந்தச் சைகைகள் மட்டுமே செல்லும். நடுவர் தன் மனம்போனபடி கையை ஆட்ட முடியாது.

விரித்த கையும் மடக்கிய கையும்

விசில் ஊதியதும் முதலில் பார்க்க வேண்டியது நடுவர் உயர்த்திய கையை. உள்ளங்கை விரிந்திருந்தால் அது விதிமீறல். பந்து எதிர்க்குழுவுக்குப் போகும், அவ்வளவுதான். கை முஷ்டியாக மடங்கியிருந்தால் அது பவுல். ஒருவர் இன்னொருவர்மேல் முறையில்லாமல் மோதியிருக்கிறார் அல்லது தொட்டிருக்கிறார். இரண்டிலும் கடிகாரம் நிற்கும்.

விதிமீறல்களில் அடிக்கடி வருவது பந்தைத் தட்டாமல் அடி எடுத்து வைப்பது. அதற்கு நடுவர் இரண்டு முஷ்டிகளையும் ராட்டினம்போல் ஒன்றையொன்று சுற்றவிடுவார். தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால், இரு கைகளாலும் மாறி மாறிப் பந்து தட்டுவதுபோல் காட்டுவார். எதிரியின் கூடைக்குக் கீழே உள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்குமேல் நின்றால் மூன்று விரல். தன் பாதியிலிருந்து எட்டு விநாடிக்குள் பந்தைக் கொண்டுபோகாவிட்டால் எட்டு விரல். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறியாவிட்டால் விரல்களால் தன் தோளைத் தொடுவார். அந்த நேரம் முன்பு 30 விநாடியாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு என்பது மாறி, பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு என்று ஆயிற்று. பழைய ஆட்டக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புள்ளிக்கும் சைகை உண்டு. ஒரு விரலை மணிக்கட்டோடு கீழே சாய்த்தால் ஒரு புள்ளி. இரண்டு விரல் என்றால் இரண்டு. தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும்போது ஒரு கையில் மூன்று விரலை உயர்த்துவார்; பந்து விழுந்துவிட்டால் இரண்டு கைகளையும் உயர்த்துவார். கைகளை மார்புக்கு முன்னால் கத்தரிக்கோல்போல் வீசினால், விழுந்த பந்து செல்லாது என்று பொருள்.

மேசைக்குச் சொல்லும் மூன்று செய்தி

பவுல் என்றால் நடுவர் மேசைக்குத் தெரியும் இடத்துக்கு வந்து மூன்று செய்திகளை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். செய்தது யார்? செய்தது என்ன? அதற்குத் தண்டனை என்ன?

முதலாவது எண். ஐந்து வரை வலக்கை விரல்கள். ஆறு முதல் பத்து வரை வலக்கையில் ஐந்து, மீதம் இடக்கையில். பதினொன்று முதல் பதினைந்து வரை வலக்கை முஷ்டி, மீதம் இடக்கையில். அதற்கு மேலே போனால் புறங்கையைக் காட்டிப் பத்தின் இலக்கம், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றின் இலக்கம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 2023 வரை 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களைச் சட்டையில் போட விடமாட்டார்கள். ஒரு கையில் ஐந்து விரல்தானே இருக்கிறது!

இரண்டாவது குற்றம். மணிக்கட்டில் அடித்துக் காட்டினால், எதிரியின் கையில் அடித்தார் என்று பொருள். மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினால், பிடித்து நிறுத்தினார். இரு கைகளாலும் தள்ளுவதுபோல் காட்டினால், தள்ளினார். இரு கைகளையும் இடுப்பில் வைத்தால், எதிரியின் வழியை முறையில்லாமல் மறித்தார். முஷ்டியால் உள்ளங்கையில் குத்தினால், பந்தோடு போய் எதிரியை மோதினார். மணிக்கட்டைப் பிடித்து மேலே உயர்த்தினால் விளையாட்டு நெறிக்கு ஒவ்வாத பவுல், அது கடுமையானது.

மூன்றாவது தண்டனை. தனியாக நின்று கூடைக்கு எறியும் வாய்ப்பு எத்தனை என்பதை விரலால் காட்டுவார். அப்படி இல்லையென்றால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று கையை நீட்டுவார். ஒரு குழு ஒரு கால்பகுதியில் நான்கு பவுல் செய்துவிட்டால், அடுத்ததிலிருந்து பெரும்பாலான பவுல்களுக்கு எதிரிக்கு இரண்டு எறி கிடைத்துவிடும். ஓர் ஆட்டக்காரர் ஐந்து பவுல் செய்தால் வெளியேற வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிவப்பு எண் அட்டை.

வேப்பமரத்தடியில்

அன்று மாலையே பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் வேலை முடிந்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். “அண்ணே, ஆலையில கொதிகலன் பக்கம் நிக்கிறப்போ எப்படிப் பேசிக்குவீங்க?” என்று கேட்டேன்.

“அந்த இரைச்சல்ல என்னத்தப் பேசுறது சார்? எல்லாம் கைதான்.”

“வெளியாள் ஒருத்தன் வந்து பார்த்தா அவனுக்கு விளங்குமா?”

“எப்படி விளங்கும்? சண்டை போடுறோம்னு நினைப்பான்” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று என்னைப் பார்த்தார். பிறகு நான் எழுந்து நின்று ஒவ்வொரு சைகையாகச் செய்துகாட்டினேன். முஷ்டியும் இரண்டு விரலும் பன்னிரண்டு என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, அன்னைக்கு மூணு தடவை நான் கையில அடிச்சது நெசந்தான். அஞ்சாவது மோதுனதும் நான்தான். ஆனா இடுப்புல கை வச்சாரே, அது மட்டும் தப்புப்பா. நான் அசையாமத்தான் நின்னேன்” என்றாள்.

தகப்பனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீங்க சத்தம் போட்டீங்க. எனக்கு வெட்கமாப் போச்சு.”

நடுவரும் மனிதர்தான், தவறுவார். ஐந்தில் ஒன்று தவறாகவே இருந்திருக்கலாம். ஆனால் எது தவறு என்று சொல்ல வேண்டுமானால், என்ன சொன்னார் என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால், ஆட்டம் நின்றிருக்கும் வேளையில் குழுத் தலைவி மரியாதையாக நடுவரிடம் போய் விளக்கம் கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. வெளியில் இருந்து கத்துவதற்கு இடம் இல்லை. கத்தினால் தலைகுனிவது நம் பிள்ளைதான்.

நம் மக்களுக்கு அநியாயம் நடந்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தால் கேட்கத்தான் வேண்டும். தெரிந்துகொண்டு கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாமல் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்.

அடுத்த போட்டிக்கும் இருவரும் போனோம். முதல் பாதியிலேயே பிள்ளைக்கு மூன்று பவுல் விழுந்துவிட்டது. முஷ்டி உயர்ந்தபோது தகப்பனார் அசையவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டார். பிள்ளை எங்கள் பக்கம் திரும்பியபோது, ஆலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதுபோல் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். அவள் தலையாட்டினாள். அன்று குழு தோற்றுவிட்டது. ஆனால் கடைசி விசில் வரைக்கும் 12-ஆம் எண் திடலில்தான் இருந்தது.

பெற்றோர்களே, இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும்போது பிள்ளைகளோடு நின்று செய்துபாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.