ஊர்ச் சட்டையில் ஒரு சாம்பியன்

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் கூடியிருந்தார்கள். அயர்லாந்து முழுவதும் காத்திருந்த கேலிக் கால்பந்து இறுதியாட்டம். கால்வே கவுண்டி (மாவட்ட) அணியை 0-20, 0-16 என்று வீழ்த்தி, எட்டு வருட ஏக்கத்துக்குப் பிறகு சாம் மகுவயர் கோப்பையைத் தூக்கியது கெர்ரி. அந்த இருபதில் எட்டு பாயிண்ட் டேவிட் கிளிஃபர்ட் என்ற 23 வயது இளைஞர் எடுத்தவை. ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரி 15 அன்று அதே மைதானத்துக்கு அவர் மறுபடி வந்தார். இந்த முறை பெரும்பாலான இருக்கைகள் காலி. உடுத்தியிருந்தது ஃபாஸா என்ற சிற்றூரின் சட்டை. ஆடியது அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம்.

ஜூனியர் என்றதும் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துவிட வேண்டாம். ஊர் கிளப்புகளை சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஆடுவது எல்லாம் வளர்ந்த ஆட்கள்தான். தச்சர், விவசாயி, ஆசிரியர் என்று பகலில் ஒரு பிழைப்பு, மாலையில் பயிற்சி. யாருக்கும் சம்பளம் கிடையாது. 1884இல் தர்லஸ் நகரத்து ஓட்டல் ஒன்றில் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம் இன்றுவரை காசுக்கு ஆடுவதை அனுமதிக்கவில்லை. டேவிட் கிளிஃபர்டும் கில்லார்னியில் பள்ளி ஆசிரியர்தான்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு எட்டுக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தைப் பாதத்தில் விட்டு, கால்விரலால் கைக்கே எற்றிக்கொள்ள வேண்டும். தோளோடு தோள் மோத ஒருவன் வந்துகொண்டிருக்கும்போது, குனிந்து பார்க்காமல் இதைச் செய்ய வேண்டும். ஆங்கில எச் எழுத்து வடிவக் கம்பத்தில் குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று பாயிண்ட். மேலே போனால், அன்றைய விதிப்படி, ஒரு பாயிண்ட். 1-13 என்று எழுதினால் ஒரு கோல், பதின்மூன்று பாயிண்ட். ஆக மொத்தம் 16.

ஃபாஸா, கில்லார்னியை ஒட்டி லீன் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். டேவிட், அவருடைய அண்ணன் பாடி இருவருக்கும் பிறந்த மண் அது. பாடியும் சாம் மகுவயர் வென்ற கெர்ரி அணியின் முக்கிய ஆட்டக்காரர். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் ஊர் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும் என்பது அங்கே எழுதியும் எழுதாமலும் நிலைத்துவிட்ட வழக்கம். பெரிய கிளப் ஒன்று பணம் கொடுத்து இழுத்துக்கொள்ள வழியில்லை. அதனால்தான் நாட்டின் முதல் ஆட்டக்காரர் மூன்றாம் தரச் சாம்பியன்ஷிப்பில் இறங்கினார்.

கெர்ரியில் இன்னொரு வசதி உண்டு. சின்ன கிளப்புகளின் வீரர்கள் வட்டார அணியாகச் சேர்ந்து கவுண்டி சீனியர் சாம்பியன்ஷிப்பிலும் ஆடலாம். அந்தப் பருவத்தில் கிளிஃபர்ட் சகோதரர்கள் கிழக்கு கெர்ரி வட்டார அணிக்காக சீனியர் பட்டம் வென்றார்கள். பிறகு ஃபாஸாவுக்காக ஜூனியர் பிரீமியர் இறுதியாட்டத்தில் லிஸ்ட்ரியை எதிர்கொண்டார்கள். லிஸ்ட்ரியும் கிழக்கு கெர்ரி கிளப்தான். சீனியரில் தோள் கொடுத்தவர்கள் இங்கே எதிரெதிரே நின்றார்கள். கூடுதல் நேரம் வரை இழுத்த அந்த ஆட்டத்தில் ஃபாஸா வென்றது. அடுத்து மன்ஸ்டர் மாகாணப் பட்டம், அதன் பின் குரோக் பார்க்.

இத்தனை ஆட்டங்களுக்கும் நேரம் கிடைத்தது எப்படி? கவுண்டி அணிகளின் பருவத்தை ஜூலையோடு முடித்து, மிச்ச மாதங்களைக் கிளப்புகளுக்கு ஒதுக்கும் புதிய கால அட்டவணை அந்த வருடம்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. முன்பெல்லாம் கவுண்டி அணி தோற்று வெளியேறும் வரை ஊர் கிளப் தன் நட்சத்திரத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

இறுதியில் எதிரே நின்றது டைரோன் கவுண்டியின் ஸ்டூவர்ட்ஸ்டவுன் ஹார்ப்ஸ். அவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை. கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். முடிவு நெருங்கியபோது ஆட்டம் சூடேறி, டேவிட் கிளிஃபர்டுக்கே சிவப்பு அட்டை காட்டினார் நடுவர். ஃபாஸா 0-19, ஸ்டூவர்ட்ஸ்டவுன் 1-13. மூன்றே பாயிண்ட் வித்தியாசம். நாட்டின் தலைசிறந்த வீரர் இருந்தும் நூலிழையில் பிழைத்த வெற்றி என்பதை எதிரணியின் பெருமையாகவே எழுத வேண்டும்.

அதே நாளில், அதே மைதானத்தில் இன்டர்மீடியட் பட்டத்தையும் கெர்ரியின் ராத்மோர் கிளப் வென்றது. கெர்ரி அணியின் கோல்கீப்பர் ஷேன் ரயன், இந்த ஊர் அணியில் முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரர்!

கெர்ரி கிளப்புகள் இப்படி வெல்வதில் மற்ற கவுண்டிகளுக்கு ஒரு மனக்குறை உண்டு; அதில் நியாயமும் உண்டு. 2022இல் கெர்ரியில் சீனியர் தரக் கிளப்புகள் எட்டே எட்டு. அதனால் வேறு கவுண்டியில் சீனியராக இருக்கக்கூடிய அணிகள் இங்கே அடுத்த தரங்களுக்குத் தள்ளப்பட்டன. பிராஸ்னா, டெம்பிள்நோ, கிளென்பே-கிளென்கார் என்று 2015 முதல் 2017 வரை வரிசையாக மூன்று ஜூனியர் பட்டங்கள் கெர்ரிக்கே போயின. 2019இல் போஃபர்ட், 2020இல் நா கேல் என்று அந்தக் கணக்கு நீண்டது. ஆனால் 2022இல் மேயோவின் கில்மீனாவும், 2024இல் கேவனின் ஆர்வாவும் கெர்ரி அணிகளை இறுதியில் வீழ்த்திக் காட்டின. தரம் பிரிப்பதைச் சீர்செய்ய வேண்டும்தான். அதற்காக நட்சத்திரங்களை ஊர் அணியிலிருந்து பிரிக்கும் யோசனை எதுவும் தலைதூக்கக் கூடாது. சிறுவயதில் தன்னோடு பந்து பொறுக்கிய பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குரோக் பார்க் புல்லை மிதிக்கும் வாய்ப்பை ஒரு சாம்பியன் வாங்கித் தருவது வேறு எந்தப் பெரிய விளையாட்டில் நடக்கிறது?

அயர்லாந்தில் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் தமிழர்கள் இப்போது நிறைய. ஜனவரியில் நடக்கும் இறுதியாட்டத்தைப் பாருங்கள். அதற்கும் முன்னால், இலையுதிர் காலத்தில் உங்கள் வட்டாரத்து ஊர் மைதானத்தில் நடக்கும் ஒரு ஜூனியர் ஆட்டத்துக்குப் போய் எல்லைக்கோட்டை ஒட்டி நில்லுங்கள். எந்த அணிக்குக் கை தட்டுவது என்று குழம்பினால், நீங்கள் குடியிருக்கும் ஊருக்குத் தட்டுங்கள்.