மறைப்பதா? சொல்வதா? ஆட்டிசம் உள்ள கல்லூரி மாணவர்களின் தவிப்பு!

காலை 8 மணி. கப்பலூர் பஸ் நிறுத்தம். லாரிகளின் ஆரன் சத்தம் காதைக் கிழிக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளர்கள் ஒரு பக்கம். மதுரைக்குப் போகிறவர்கள் மறு பக்கம். அந்தக் கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பில் கெட்டிக்காரர். கணக்கு என்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. ஆனால் ஆரன் சத்தம் கேட்டால் ஊசி குத்தியது போல் துடித்துப் போவார். ஒருவர் சொல்வது கேலியா, நிஜமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. "சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்டா" என்று நண்பர் சொன்ன பிறகுதான் புரியும்.

இவருக்கு இருப்பது ஆட்டிசம். இது தொற்றுநோய் அல்ல. பைத்தியமும் அல்ல. மூளை வேலை செய்யும் விதமே வேறு. பிறவியிலேயே வருவது, கடைசி வரை இருப்பது.

நாள் முழுக்க நடிப்பு

வகுப்பில் மற்றவர்கள் சிரித்தால் இவரும் சிரிப்பார். எதற்கு என்று தெரியாது! கண்ணைப் பார்த்துப் பேச முடியாது. அதனால் எதிரில் இருப்பவரின் நெற்றியைப் பார்த்துப் பேசுவார். கையை ஆட்டத் தோன்றினால் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து விடுவார். "காலேஜுக்குப் போயிட்டு வர்றதுக்கே இப்படிக் களைச்சுப் போறானே" என்று அம்மா கவலைப்படுவார். அந்தக் களைப்பு படிப்பால் வந்தது அல்ல. நடிப்பால் வந்தது!

மாணவர் கற்பனைதான். தவிப்பு கற்பனை அல்ல. ஆட்டிசம் உள்ள 92 பேரிடம் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் விவரம் கேட்டு, 2017-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒத்துப்போகத்தான் மறைக்கிறோம் என்பது அவர்கள் தந்த முக்கியமான பதில். நடித்து நடித்து உடம்பும் மனசும் ஓய்ந்துபோவதும், "உண்மையில் நான் யார்?" என்ற குழப்பம் வருவதும் அதில் தெரிந்தது.

பிறகு ஏன் மறைக்கிறார்கள்? "லூசு" என்ற பட்டம் வந்து விடுமோ என்ற பயம். வேலை கிடைக்காதோ என்ற பயம். "வெளியே தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னு போகும்" என்று வீட்டிலேயே வாயை அடைப்பதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 7 வகைப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-ம் ஆண்டு வந்த புதிய சட்டத்தில் 21 வகைகள். அதில் ஆட்டிசமும் சேர்ந்தது.

40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் உண்டு. மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, 3 மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம்.

பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில். "லூசு" என்று கூப்பிடுகிறவர்கள் கவனிக்க!

யாரிடம் சொல்வது?

சொல்வதும் சொல்லாததும் மாணவர் இஷ்டம். யாரும் வற்புறுத்த முடியாது. சலுகை வேண்டுமானால் மட்டும் கல்லூரியில் சான்றிதழைக் காட்ட வேண்டும். மற்றபடி ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்க வேண்டியதில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே நம்பிக்கையான ஓர் ஆசிரியர், ஒரு நண்பர் என்று ஆரம்பிக்கலாம்.

"எனக்கு ஆட்டிசம்" என்பதோடு நிறுத்தாமல், என்ன வேண்டும் என்பதையும் சொல்வது நல்லது. "சார், திடீர்னு எழுப்பிக் கேள்வி கேட்டா வார்த்தை வராது. எழுதித் தந்துடுறேன்" என்றால் ஆசிரியருக்கும் சுலபம்.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணி, தன் ஆட்டிசத்தைப் பற்றி 1986-லேயே புத்தகம் எழுதினார். சொன்னதால் படிப்பு நின்று விடவில்லை. 1989-ல் கால்நடை அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிப் பேராசிரியரும் ஆனார்!

சொல்கிறவருக்குத் தைரியம் வேண்டும். கேட்கிறவருக்கு மனசு வேண்டும்.

நாளைக் காலை பஸ்ஸில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு நின்றால், "என்னப்பா, ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்காதீர்கள். முடிந்தால் ஜன்னல் ஓரம் கொஞ்சம் இடம் விடுங்கள். அது போதும்.