லட்சம் ரூபாய் சம்பளம் – பெரிய ஊரிலா, சிறிய ஊரிலா?

நம் சங்கக் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "மாதம் லட்சம் ரூபாய் வாங்கியும் பெங்களூரில் கையில் நிற்கவில்லை. திருச்சியிலோ சேலத்திலோ கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தால் போய்விடலாமா?" ஆசைப்பட்டோ அலுத்துப்போயோ முடிவு எடுக்காமல், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கான வழியை இங்கே சொல்கிறேன்.

லட்சம் என்பது எவ்வளவு?

ஆண்டுக்கு 12 லட்சம் என்று கம்பெனி எழுதித் தரும் தொகை முழுவதும் கைக்கு வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் ரூ. 50,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், ரூ. 6,000. முதலாளி பங்கான இன்னொரு ரூ. 6,000-ஐயும் பல கம்பெனிகள் அந்த 12 லட்சத்துக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. பணிக்கொடைக்கு சுமார் ரூ. 2,400, கர்நாடகத் தொழில் வரி ரூ. 200. எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய ரூ. 85,400. ஆறு இலக்கம் ஐந்து இலக்கமாகிவிட்டது! வைப்பு நிதி நம் சேமிப்புத்தான். ஆனால் மளிகைக் கடைக்கு அது உதவாது. ஒரு ஆறுதல்: 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், சம்பளக்காரருக்கு ஆண்டு வருமானம் ரூ. 12,75,000 வரை வருமான வரி இல்லை.

அரசாங்கத்தின் அளவுகோல்

பெரிய ஊருக்கும் சிறிய ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு எப்படி அளக்கிறது என்பது ரயில்வேயில் இருந்தவர்களுக்குப் பழக்கமான விஷயம். 50 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள ஊர்கள் 'எக்ஸ்' வகை; சென்னை, பெங்களூர் இதில் அடங்கும். 5 லட்சத்துக்கு மேல் 'ஒய்' வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை இதில் வரும். தஞ்சாவூர், நாகர்கோவில் போன்றவை 'இசட்' வகை. 7-வது சம்பளக் கமிஷன் முறைப்படி, 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப் படி இவற்றுக்கு முறையே 30, 20, 10 சதவீதம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அகவிலைப்படி எல்லா ஊருக்கும் ஒன்றேதான். பயணப்படியில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. மற்றபடி, அரசின் கணக்கில் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவது தலைக்கு மேல் உள்ள கூரை ஒன்றுதான். நம் வீட்டுக் கணக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

செலவை மூன்றாகப் பிரியுங்கள்

1. *சிறிய ஊரில் குறைபவை:* முதலில் வாடகை. பிறகு பள்ளிக் கட்டணம், வீட்டு வேலைக்கு ஆள், அலுவலகம் போய்வரும் செலவு. 1898 பிளேக் நோய்க்குப் பின், கண்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க உருவான புறநகர்தான் நம் பிரேசர் டவுன். இன்று அதுவே நகரத்தின் நடுப்பகுதி. வாடகையும் அதற்கேற்ப இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் இங்கே நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது.

2. *எங்கும் மாறாதவை:* மருந்து, செல்போன், துணி, நகை, ரயில் கட்டணம், கார் தவணை, இன்சூரன்ஸ், வீட்டுக் கடன் வட்டி. "அங்கே எல்லாமே மலிவு" என்பவர்கள் மறப்பது இவற்றைத்தான்.

3. *சிறிய ஊரில் கூடுபவை:* பெரிய சிகிச்சைக்கு வெளியூர்ப் பயணம், பிள்ளைகள் வெளியூரில் படித்தால் ஹாஸ்டல் செலவு, வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்கும் மாதங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

இங்கே வாடகை ரூ. 30,000, அங்கே ரூ. 15,000 என்று கொள்வோம். மிச்சம் ரூ. 15,000. இங்கே அட்வான்ஸில் முடங்கும் 3 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் ரூ. 1,750, அங்கே மூன்று மாத முன்பணம் 45,000-க்கு சுமார் ரூ. 260. ஆக மொத்த லாபம் ஏறக்குறைய ரூ. 16,500. ஆனால் புதிய வேலையில் கைக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், நஷ்டம் சுமார் ரூ. 17,000. லாபம் அங்கேயே கரைந்துவிட்டது. பள்ளிக் கட்டணத்திலும் போக்குவரத்திலும் மிஞ்சுவதுதான் உண்மையான மிச்சம். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில், ஒருவருக்கு அங்கே வேலை கிடைக்காமல் போனால் எந்த வாடகை மிச்சமும் அதை ஈடு செய்யாது.

பிள்ளைகள் விஷயம்

தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இங்கே கன்னடமும் இந்தியும் படித்த குழந்தை எட்டாம் வகுப்பில் போய் 'அ, ஆ' எழுத வேண்டியிருக்கும். மறுபக்கம், கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, இம்மாநிலத்தில் ஏழாண்டு படித்திருப்பது முக்கியத் தகுதிகளில் ஒன்று. நடுவில் ஊர் மாறினால் இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்று ஆகலாம். ஆகவே போவதானால் பிள்ளைகள் சிறு வகுப்பில் இருக்கும்போதே போவது மேல். எப்படியானாலும் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

முடிவாக

சொந்த ஊரில் பூர்வீக வீடு இருந்து, பழைய சம்பளமே கிடைக்குமானால் தயங்க வேண்டாம். வாடகை முழுவதும் மிச்சம். வாடகை வீடு, குறைந்த சம்பளம், ஒருவர் வருமானம் என்ற மூன்றும் சேர்ந்தால், பணத்துக்காகப் போகிறோம் என்று சொல்ல முடியாது. வயதான பெற்றோரைக் கவனிக்கவோ நிம்மதிக்காகவோ போகலாம். அதுவும் நல்ல காரணமே. அதற்கு மாதம் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள்.