திரும்பிவராத அமானிதம்: குர்துபாவின் சிறுவயது கலீஃபாவும் ஆமிரி குடும்பமும்

ஹிஜ்ரி 366, அதாவது கி.பி. 976. அந்தலுஸ் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான குர்துபாவில் உமய்யா கலீஃபா இரண்டாம் அல்ஹகம் மரணமடைந்தார். அவருடைய மகன் ஹிஷாமுக்கு அப்போது வயது ஏறக்குறைய 11.

கலீஃபாவாகப் பொறுப்பேற்பவர் பருவமடைந்தவராக இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களின் நிபந்தனை. எனவே அல்ஹகமின் தம்பி முகீராவை ஆட்சியில் அமர்த்த அரண்மனையில் ஒரு பிரிவினர் விரும்பினர். ஆனால் அமைச்சர் ஜஃபர் முஸ்ஹஃபியும் அவருடன் இருந்தவர்களும் முகீராவைக் கொன்றுவிட்டுச் சிறுவன் ஹிஷாமுக்கு பைஅத் செய்ய வைத்தார்கள். சிறுவன் ஆட்சிக்கு வந்தால் அதிகாரம் தங்கள் கையில் இருக்கும் என்பதே அவர்களின் கணக்கு.

அந்தக் கொலையை முன்னின்று நடத்தியவர் முஹம்மது இப்னு அபீ ஆமிர். தாரிக் பின் ஸியாதின் படையுடன் வந்து அந்தலுஸில் குடியேறிய அரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குர்துபாவில் கல்வி கற்று, மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் தொடங்கி, ஹிஷாமின் தாயார் சுப்ஹுடைய சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவர்.

978இல் முஸ்ஹஃபியைச் சிறையில் தள்ளி, ஹாஜிப் எனும் தலைமை அமைச்சர் பதவியை அவர் எடுத்துக்கொண்டார். 981இல் தன் மாமனாரான தளபதி காலிபையும் போரில் வீழ்த்தி, 'அல்மன்சூர்' என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார். மதீனத்துஸ் ஸாஹிரா என்ற புதிய நகரைக் கட்டி, அரசு அலுவலகங்களை அங்கே மாற்றினார். குத்பாவில் கலீஃபாவின் பெயர் ஓதப்பட்டது, நாணயத்திலும் அவர் பெயர் இருந்தது. கலீஃபாவோ அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தார்.

அல்மன்சூர் திறமையற்றவர் அல்லர். ஐம்பதுக்கும் மேற்பட்ட படையெடுப்புகளை நடத்தியவர், குர்துபா பெரிய பள்ளிவாசலை விரிவாக்கியவர். அவர் காலத்தில் நாடு பலமாகவே இருந்தது. ஆனால் சிறுவன் வளர்ந்த பிறகும் ஆட்சி அவனிடம் திரும்பவில்லை. 996இல் தாயார் சுப்ஹ் மகனின் உரிமைக்காகப் போராடிப் பார்த்தும் பலனில்லை. 1002இல் அல்மன்சூர் இறந்தபோது ஹிஷாமின் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது!

பிறகு அல்மன்சூரின் மகன் அப்துல் மலிக், அவருக்குப் பின் இன்னொரு மகன் அப்துர் ரஹ்மான் என்று பொறுப்பு வாரிசுச் சொத்தானது. அப்துர் ரஹ்மான் ஒருபடி மேலே போய், அடுத்த கலீஃபா தானே என்று ஹிஷாமிடம் எழுதி வாங்கினார். மக்கள் பொறுக்கவில்லை. 1009இல் குர்துபாவில் கிளர்ச்சி வெடித்தது. ஸாஹிரா நகரம் தரைமட்டமானது, அப்துர் ரஹ்மான் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் நீண்டு, 1031இல் கிலாஃபத்தே முடிவுக்கு வந்தது. நாடு குறுநில அரசுகளாகச் சிதறியது. 1085இல் துலைதுலா என்ற டோலிடோ கைவிட்டுப் போனது.

இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் பொறுப்பாளர் உரிமையாளராக மாறியது அவற்றில் முக்கியமானது. அனாதைகளின் பொருளைப் பராமரிப்போர், அவர்கள் பருவமடைந்து பகுத்தறிவு பெற்றதும் சாட்சிகள் முன்னிலையில் அதை ஒப்படைக்க வேண்டும் என்று சூரத்துன் நிஸாவின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பராமரிப்புக்கு ஒரு முடிவு உண்டு என்பதே இதன் பாடம்.

அரண்மனைக்கு மட்டுமான பாடமல்ல இது. இறந்துபோன அண்ணனின் கடையைப் பார்த்துக்கொள்ளும் சிற்றப்பாவும், தங்கை பிள்ளைகளின் நிலத்தைப் பராமரிக்கும் தாய்மாமாவும் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். "நான் இல்லாவிட்டால் இதெல்லாம் அழிந்திருக்கும்" என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அல்மன்சூரும் அப்படிச் சொல்லியிருக்க முடியும். ஆனாலும் அமானிதம் அமானிதமே. கணக்கை இன்றே எழுதி வையுங்கள். பிள்ளை வளர்ந்ததும் நாலு பேர் முன்னிலையில் கையில் கொடுத்துவிடுங்கள்.