பின்னச்சும் தகட்டுவில்லும்

தமிழாசிரியருக்கு மோட்டார் வண்டியின் அடியிலே யாது வேலை என அன்பர்கள் வினவக்கூடும். பீலியேற்றிய வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவரே சிந்தித்தாரெனின், நாமும் பின்னச்சைப் பற்றிச் சிறிது கூறுதல் பிழையாகாது.

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் நம் நாட்டில் இன்றும் ஓடுகின்றது. அதன் முன்சில்லுகள் தனித்தனியே எழுந்து தாழ்வன. பின்சில்லுகளோ ஒரே திண்ணிய அச்சினாற் பிணிக்கப்பட்டவை. ஒன்று பள்ளத்தில் விழின் மற்றதும் உடன் சாயும். அவ்வச்சை இருபுறமும் தாங்குவது எஃகுத் தகடுகளை அடுக்கிய வில். நம் முன்னோரின் வில்வண்டியில் இருந்ததும் இத்தகையதே. ஆயினும் அங்கே இழுப்பது மாடு. வில் பாரத்தைத் தாங்கினாற் போதும். மோட்டார் வண்டியிலோ, அச்சு இடம்பெயராது பிடித்தலும், சில்லு சுழலும்போது அச்சு எதிர்த்துப் புரள முயல்வதைத் தடுத்தலும் அதன் கடனாகின்றன. பின்னதே இடர் விளைப்பது.

918 கனசென்றிமீற்றர் இயந்திரத்துடன் பிறந்த வண்டிக்கு அவ்வில் போதும். அதனைக் கழற்றி வலிமைமிக்க இயந்திரத்தைப் பூட்டும்போது வில் பாம்புபோல் நெளிகின்றது. நெளிந்தது நிமிர்கையிற் சில்லு துள்ளும், மீண்டும் தரையைப் பற்றும், மீண்டும் நெளியும். தரையிற் படாத சில்லு வண்டியைச் செலுத்தவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர் இவ்வாறு மாற்றிய வண்டியில் எம்மை ஏற்றிச் சென்றார். காரைதீவு கடந்து நிந்தவூரை நோக்கிச் செல்கையில் மாடொன்று குறுக்கிட, பிறேக்கை அழுத்தினார். பின்னாற் பேரோசை, வண்டி வயற்புறம் திரும்பி நின்றது. குனிந்து பார்த்தோம். அச்சையும் வில்லையும் பிணிக்கும் யூபோல்ட்டின் நட்டுகள் தளர்ந்திருந்தன. நடுவாணி அறுந்து அச்சு விலகியிருந்தது. இயந்திரத்துக்கு இலட்சங்களைச் செலவிட்டவர் அந்நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்தாரில்லை! எம் நெற்றியில் அதன் தழும்பு உண்டு.

ஆதலின் முதலிற் கவனிக்கத்தக்கவை அந்நட்டுகளும், வில்லின் முனைகளிலுள்ள இறப்பர்ப் புஷ்களுமே. அடுத்தது சொக் அப்சோபர். மைனரில் உள்ளது நெம்புகோல் வகை. எண்ணெய் வற்றினால் அது வெறும் இரும்பு. குழாய் வகையை மாற்றிப் பூட்டுவாரும் உளர். அதன்பின், அச்சின் புரளலைத் தடுக்க அச்சிலிருந்து வண்டியின் உடலுக்கு முன்னோக்கிச் செல்லும் தண்டு. இதன் நீளமும் பூட்டுமிடமும் வில்லின் அசைவுக்கு இசைதல் வேண்டும்; இன்றேல் தண்டும் வில்லும் ஒன்றோடொன்று போரிடும்.

பக்கவாட்டு அசைவைத் தடுப்பது பிரான்சு நாட்டுப் பன்ஹாட் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் குறுக்குத் தண்டு. அதன் ஒரு முனை அச்சிலும் மறுமுனை உடலிலும் பொருந்தும். அது வட்டப் பாதையில் அசைவதால் அச்சும் சிறிது பக்கம் நகரும். நீராவி இயந்திரத்துக்காக ஜேம்ஸ் வாட் 1784இற் கண்ட இணைப்பு அக்குறையைப் பெரிதும் நீக்கும். சுருள்வில் பூட்டிய அச்சுக்கு இத்தகைய துணை வேண்டும். தகட்டுவில்லோடு தெருவில் ஓடும் வண்டிக்கு அது பெரும்பாலும் மிகையே.

அம்மாணவர் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம், புறப்படுமுன் வண்டியின் கீழே படுத்து நட்டுகளை முறுக்குகின்றார். அவர் எழுந்து கையைத் துடைத்த பின்னரே நாம் ஏறியமர்கின்றோம்.