ஸ்கேன் மெஷினுக்கும் இடம் பார்க்கணும்

"எம்.ஆர்.ஐ. மெஷின் வந்தா ஏதாவது ஒரு அறையில வைக்கலாம்தானே?" என்று லயத்தில் கேட்கிறார்கள். முடியாதுங்க. அது பெரிய காந்தம். 1.5 டெஸ்லா மெஷினென்றால் பூமியின் காந்தத்தைப்போல சுமார் 30,000 மடங்கு.

கிட்ட லொறி, ரயில், லிப்ட் என்று இரும்பு நகர்ந்தால் காந்தப்புலம் குழம்பும். பெக்டரியில் ரோலர் ஓடும்போது தரை அதிர்வது நம்ம காலுக்கே தெரியும். காலுக்குத் தெரியாத அதிர்வுகூட இந்தப் படத்தை மங்கலாக்கிவிடும். மங்கின படத்தில் மூளையிலுள்ள சின்னக் கட்டி தப்பிப் போனால்? ஆகவே மெஷின் வருமுன்பே அதிர்வையும் காந்தப்புலத்தையும் கருவி வைத்து அளக்கிறார்கள். பெரிய மின்சாரக் கேபிள் எங்கே போகிறதென்றும் பார்ப்பார்கள்.

உடம்பிலிருந்து வரும் ரேடியோ அலை மிக மெல்லியது. வெளி அலை கலக்காதிருக்க அறை முழுக்கச் செப்புத் தகடு அடிப்பதுண்டு.

காப்பு, மூக்குத்தியைக் கழற்றச் சொல்வதும் அந்தக் காந்தத்தால்தான். உடம்புக்குள் கம்பி, பிளேட் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.