முன்பக்கச் சத்தம் எப்போது வருகிறது?

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய ஸ்கார்பியோவோ பொலிரோவோ சஃபாரியோ வைத்திருப்பவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தப் புகாரோடு பட்டறை வாசலில் நிற்கிறார்கள்: “முன்னாடி ஏதோ சத்தம் வருதுண்ணே.” உடனே வரும் கேள்வி, “எந்தப் பக்கம்?” வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்து, “லெஃப்ட் சைடு மாதிரி இருக்கு” என்கிறார். அந்தப் பதிலை நம்பி இடது சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கை மாற்றுகிறார்கள், சத்தம் போகவில்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷை மாற்றுகிறார்கள், அப்போதும் போகவில்லை. ஷாக் அப்சார்பரும் மாறுகிறது. ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் அதே ‘டொக் டொக்’ அதே இடத்தில் கேட்கிறது. இதற்கு மெக்கானிக்கின் கைத்திறனைக் குறை சொல்வது நியாயமில்லை. தேடல் தொடங்கிய கேள்வியிலேயே பிழை இருக்கிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று கேட்டாக வேண்டும். எந்த வேகத்தில், எப்படிப்பட்ட சாலையில், ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது, பிரேக்கில் கால் இருக்கும்போதா எடுத்த பிறகா என்ற விவரங்கள் கையில் இல்லாமல் ஸ்பேனரை எடுப்பது வீண்செலவு. சில நேரம் அது ஆபத்தும்கூட.

‘எங்கே’ என்ற கேள்விக்குக் காது சொல்லும் பதிலை ஏன் நம்பக்கூடாது? இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் அளவு வித்தியாசத்தையும் நேர வித்தியாசத்தையும் வைத்து மூளை திசையைக் கணக்கிடுகிறது. அந்த நேர வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. திறந்தவெளியில் இந்தக் கணக்கு அருமையாகப் பலிக்கும். கண்ணாடியெல்லாம் ஏற்றிய வண்டிக்குள் அது தடுமாறிவிடும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எஃகிலோ 5,000 மீட்டருக்கும் மேல். வலது சக்கரத்தருகே தேய்ந்துபோன ஒரு மூட்டில் எழும் தட்டல், குறுக்குச் சட்டத்தின் வழியே ஓடி, எந்தத் தகடு எளிதில் அதிருமோ அதைப் போய் அதிர வைக்கிறது. நம் காதுக்கு வருவது அந்தத் தகட்டின் ஒலிதான். அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளத்துக் குழாயைத் தட்டினால் மூன்றாம் மாடிச் சமையலறையில் கேட்குமே, அது போல. இந்த வகை வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1998-இல் வந்த சஃபாரி, 2000-இல் வந்த பொலிரோ, 2002-இல் வந்த ஸ்கார்பியோ மூன்றிலும் சேஸி தனி, பாடி தனி. நடுவில் ரப்பர் மவுண்டுகள் இருக்கின்றன. அந்த ரப்பர் புதிதாக இருக்கும்வரை கீழே எழும் சத்தத்தை மட்டுப்படுத்தும். வயதாகி இறுகியதும் அப்படியே மேலே கடத்திவிடும். டேஷ்போர்டுக்குள் ஏதோ லொடலொடக்கிறது என்று தோன்றினால், கோளாறு டேஷ்போர்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நேரமும் சூழலும் இப்படி ஏமாற்றுவதில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலையைச் செய்யும்போது மட்டுமே அது சத்தம் போட முடியும். வீல் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். சக்கரம் சுழல்வதும் பாரம் ஏறுவதும்தான் அதற்குத் தெரிந்த இரண்டு விஷயங்கள். ஆகவே அதன் ‘ஊம்’ என்ற இரைச்சல் வேகத்தோடு கூடும், வேகத்தோடு குறையும். கிளட்சை மிதித்து எஞ்சின் சுழற்சி இறங்கினாலும் அது மாறாது. மாறினால் பேரிங்கை விட்டுவிட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பார்க்க வேண்டும். காலியான சாலையில் மெல்ல இடப்பக்கம் வளைத்தால் வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மீது சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். இதே இரைச்சலை டயரும் எழுப்பும். ஆனால் தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு ஏறியதும் டயரின் சுருதி மாறிவிடும், பேரிங் மாறாது. சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயர்களைப் பின்னால் போட்டுப் பார்க்கலாம். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பக்கம் ‘கடக் கடக்’ என்றாலே “ஆக்சில் போயிருக்கும்” என்று தீர்ப்பு சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத ஸ்கார்பியோவில் முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்டே கிடையாது. வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகங்களை ஜாக்கி போடாமலே நீக்கிவிடலாம்.

தட்டும் சத்தங்களுக்கும் இதே முறை பொருந்தும். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டு. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுக்கப்படும், அப்போதுதான் அதன் லிங்க்குகள் மீது பாரம் வரும். சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடையில் நேராக ஏறினால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே எழும்புகின்றன. லிங்க்குகளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. எனவே வேகத்தடையில் அமைதியாக இருந்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சிறு குழிகளில் விழும்போது சத்தம் போட்டால் முதல் சந்தேகம் லிங்க் மீது. இதைப் புதுப் பாகம் வாங்காமலே உறுதி செய்யலாம். இரண்டு பக்க லிங்க்குகளையும் கழற்றி, தண்டு எதிலும் இடிக்காமல் கட்டிவைத்து, ஆளில்லாத தெருவில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும். லிங்க் இல்லாமல் வளைவுகளில் வண்டி அதிகமாகச் சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் நின்றதா இல்லையா என்பது அந்தத் தெருவிலேயே தெரிந்துவிடும். குண்டும் குழியுமான சாலையில் பிரேக்கை லேசாகத் தொட்டதும் கிடுகிடுப்பு நின்றால் பிரேக் பேடையும் காலிப்பர் பின்னையும் பார்க்க வேண்டும். முன்னே போய் பிரேக் பிடித்தால் ஒரு ‘டொக்’, ரிவர்ஸில் பிடித்தால் இன்னொரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ்.

பட்டறையில் மிகவும் குழப்பம் தருவது, சாலையில் ஊரைக் கூட்டிய சத்தம் ஜாக்கி போட்டதும் காணாமல் போவது. “எல்லாம் டைட்டாத்தான் இருக்கு” என்று திருப்பி அனுப்பப்படும் வண்டிகளில் ஆபத்தானவையும் இருக்கக்கூடும். பால் ஜாயின்டைப் பாருங்கள். இந்த வண்டிகளின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கின் விசை, அது சுருளானாலும் டார்ஷன் பார் ஆனாலும், பொதுவாகக் கீழ் ஆர்ம் மீது இறங்குகிறது. அங்கிருந்து கீழ் பால் ஜாயின்ட் வழியாகவே வண்டியின் பாரம் சக்கரத்துக்குப் போகிறது. சேஸிக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரம் தொங்கும். ஆனால் ஸ்பிரிங் கீழ் ஆர்மை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் தேய்ந்த ஜாயின்ட்கூட இறுக்கமாக நிற்கும். கையால் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து “ப்ளே இல்லை” என்று சொல்வது அங்கே பொருளற்றது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியிலேயே, பால் ஜாயின்டுக்கு அருகில் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே எழுப்ப வேண்டும். அப்போது ஸ்பிரிங்கின் பாரத்தை ஜாக்கி தாங்கிக்கொள்ளும், ஜாயின்ட் விடுபடும். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒருவர் நெம்ப, இன்னொருவர் ஜாயின்டைப் பார்த்தால் மறைந்திருந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போதும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங்கின் ஆட்டம். மிதித்த பிறகும் நீடித்தால் பால் ஜாயின்டையும் ஆர்ம் புஷ்ஷையும் தேட வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டிலிருந்து தொடங்கலாம். இவற்றுக்கெல்லாம் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஜாக்கி, ஸ்டாண்ட், கடப்பாரை, கூட ஒரு ஆள் போதும்.

சீரான இடைவெளியில் வரும் சத்தத்தை எண்ணியும் பிடிக்கலாம். பொலிரோவின் 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறது, அதாவது சக்கரம் நொடிக்கு இரண்டரை முறை சுற்றுகிறது. செல்போனில் பதிவுசெய்த சத்தத்தில் பத்து நொடிக்கு இருபத்தைந்து தட்டல் கேட்டால், சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றில் கோளாறு. டயரில் குத்திய கல்லாகவும் இருக்கலாம், டிஸ்க்காகவும் இருக்கலாம். அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் பக்கம் போக வேண்டும். பின் ஆக்சிலின் கிரௌன், பினியன் பல் விகிதத்தால் அந்த ஷாஃப்ட் சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. கிறீச்சிடும் சத்தத்துக்கு எண்ணிக்கை உதவாது, தண்ணீர் உதவும். ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து வண்டியை அமுக்கி ஆட்டினால், எது நனைந்தபோது சத்தம் அடங்கியதோ அதுதான் குற்றவாளி. சிலர் இதற்கு கிரீஸ் பூசுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் இயற்கை ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

“நாற்பது வருஷம் சர்வீஸ் உள்ள மெக்கானிக் காதாலேயே சொல்லிவிடுவாரே, இவ்வளவு சோதனை எதற்கு?” என்று கேட்கலாம். உண்மைதான், சொல்லிவிடுவார். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு தாமே ஓட்டிப் பார்க்கிறார். வளைக்கிறார், பிரேக் பிடிக்கிறார், ஒரு பக்கச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்குகிறார். ‘எப்போது’ என்ற கேள்வியைத்தான் அவர் வாய்திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய அனுபவம் இந்த முறைக்கு எதிரான சான்று ஆகாது, இந்த முறை கைவந்ததற்கான சான்று. தவிர, அனுபவத்தின் பலம் அடிக்கடி வரும் கோளாறுகளில் இருக்கிறது. வழக்கமான ஊகங்கள் தோற்ற பிறகுதான் ஒரு சத்தம் மர்மமாகிறது. அந்தக் கட்டத்தில் ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தை அடுக்குவதால் பயன் இல்லை.

“பழைய வண்டியில் எல்லாமே தேய்ந்திருக்கும், மொத்தமாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது” என்பது இதைவிட வலுவான வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. ஷாக் அப்சார்பரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆர்மை இறக்கிய பிறகு கிழிந்த புஷ்ஷை விட்டுவைப்பது முட்டாள்தனம். ஆனால் தேய்ந்த பாகத்தை மாற்றுவது வேறு, சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு. ஆறு பாகங்களை ஒரே நாளில் மாற்றிச் சத்தம் நின்றால், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிற்காவிட்டாலோ, கோளாறு பேட்டரி தட்டிலோ பானெட் கொக்கியிலோ, பிற்பாடு பொருத்திய பம்பர் கம்பியிலோ உட்கார்ந்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது மெதுவான வழிபோலத் தோன்றும். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் அதுவே குறுக்குவழி.

“பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்று பாட்டின் ஒலியைக் கூட்டிவிடுபவர்களிடம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேய்ந்த லிங்க்கோடு பல மாதம் ஓட்டலாம், எரிச்சலைத் தவிர பொதுவாகப் பெரிய நஷ்டமில்லை. தேய்ந்த பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. இந்த மூன்றும் உள்ளே இருப்பவருக்கு ஒரே ‘டொக் டொக்’ ஆகத்தான் கேட்கும். எது என்று தெரியாதவரை அதைச் சாதாரணச் சத்தம் என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவருக்குச் சற்றும் இல்லை.

இந்தத் தேடல் நம் பட்டறைகளில் சரியாக நடக்காமல் போவதற்குப் பணமும் ஒரு காரணம். பாகம் விற்றால் லாபம், பொருத்தினால் கூலி. இரண்டு மணி நேரம் ஓட்டியும் ஆட்டியும் பார்த்து, “ஒரு போல்ட் லூஸ், இறுக்கிட்டேன்” என்று சொல்லும் மெக்கானிக்குக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பலர் நூறு ரூபாயை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் கூலி பேசிக்கொள்வதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து. வண்டிக்காரர் தம் பங்குக்கு, சத்தம் வரும் வேகம், சாலை, திருப்பம், பிரேக், எஞ்சின் சூடாக இருந்ததா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மெக்கானிக்கோடு ஒரு சுற்று போய்வர வேண்டும். காரணம் தெரிந்து புது புஷ் போடும்போது இன்னும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.